காப்பில் வலி வரவில்லை

"வலி வரலீங்க," என்றாள் கோகிலவாணி.

"எப்பத்திலிருந்து வரலை மேடம்?" போனின் மறுமுனையில் கேட்ட பெண்ணுக்கு அன்றைக்கு இது எத்தனையாவது புகாரோ, குரலில் துளி ஆச்சரியம் இல்லை.

"முந்தாநேத்திலிருந்து. விடியக்காலம் பொட்டி தானா அணைஞ்சு தானா எரிஞ்சுது. அதுக்குப் பொறவு இல்லை."

"புது சாஃப்ட்வேர் இறங்கியிருக்குதுங்க மேடம். எல்லா வீட்டு ரவுட்டருக்கும் இறங்குது. அணைச்சு, சித்த நேரம் விட்டு, மறுபடி போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. வயரைப் புடுங்கிச் சொருகியாச்சு. பச்சை வெளக்கு எரியுது. வலிதான் வரலை."

"காப்பு போட்டிருக்கறது யுவராஜ் சார்தானுங்களே? அவருகிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்."

கோகிலவாணி தன் இடது மணிக்கட்டில் கிடந்த காப்பைப் பார்த்தாள்.

"அவரு களத்துக்குப் போயிருக்காரு. நீங்க ஆளை அனுப்புங்க. அந்தப் பக்கம் ஒருத்தி முழு வலியையும் தனியாத் தாங்கிட்டுக் கெடக்கறா."

"டோக்கன் போட்டாச்சுங்க மேடம். நாளைக்கு வருவாங்க."

அந்தப் பக்கம் கிடந்தவள் தாரணி. கோகிலவாணியின் கணவன் யுவராஜின் ஒரே தங்கை, கோபியில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று வருடத்துக்கு முன்னால் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு பஸ் அவள் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு கூடிவிட்டது. உள்ளே நசுங்கிய நரம்பு மட்டும் அடங்கவேயில்லை. பஸ் இன்னும் இடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கத்தியபோது கோகிலவாணிதான் பக்கத்தில் இருந்தாள்.

"ரெண்டு வழி இருக்குதுங்க," என்றார் டாக்டர். "ஒண்ணு, வாராவாரம் ஒரு ஊசி."

"அதுல வலி போயிருமுங்களா?" என்று கேட்டது கோகிலவாணிதான்.

"போயிரும். கூடவே மத்ததும் போயிரும். இது வலி, இது பாசம், இது பசின்னு அந்த மருந்து பிரிச்சுப் பாக்காது. ஆளு நடப்பாங்க, பேசுவாங்க, சமையல் பண்ணுவாங்க. கேட்டா பதில் சொல்லுவாங்க. அவ்வளவுதான்."

"அது வேண்டாங்க. இன்னொண்ணு?"

"இன்னொண்ணுல வலி குறையாது. பிரியும். பாதியை வேற ஒருத்தர் தாங்கோணும்."

நோயாளியின் முதுகில் ஒரு பொத்தான், இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு ரவுட்டர், தாங்குகிறவர் கையில் ஒரு காப்பு. விஷயம் அவ்வளவுதான். தாரணியின் வீட்டுக்காரருக்கு இருதயம் சரியில்லை என்று டாக்டர்களே அவரை ஒதுக்கிவிட்டார்கள். "நானிருக்கறேன்" என்று யுவராஜ் எழுந்தான். அன்றைக்கு உண்மையாகவே எழுந்தான், அதில் நடிப்பில்லை.

பெரியவர்கள் அதைச் சும்மா விடுவார்களா? கல்யாணத்தில் அண்ணனுக்கும் தங்கைக்கும் செய்கிற இணைச்சீரை இதற்கும் செய்துவிட வேண்டும் என்றார்கள். மண்டபம் பிடித்தார்கள். சொந்தபந்தம், ஒறம்பறை மொத்தமும் வந்து இறங்கியது. சடங்கு நடத்துகிற அருமைக்காரர் நடுவில் நிற்க, கூறைப்புடவையின் ஒரு முனை அண்ணன் கையில், மறுமுனை சக்கர நாற்காலியில் இருந்த தங்கை கையில். காப்புக்கு மஞ்சள் தடவி யுவராஜ் கையில் பூட்டினார்கள். கோகிலவாணி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கும் ஒருத்தன் கூடப் பொறந்தானே, இப்படிப் பொறக்கலையே!" என்று ஒரு அத்தை மூக்கைச் சிந்தினாள். படம் பிடித்துக் கூடத்தில் மாட்டியும் ஆயிற்று.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் யுவராஜ் தேங்காய்க் களத்திலிருந்து பாதியில் திரும்பி வந்தான்.

"கோகிலா, இதை வெச்சுட்டு வேலை பாக்க முடியாது. ஆளுக முன்னால உக்காந்து அழுதுருவேனாட்டம் இருக்குது. லோடு ஏத்தற வரைக்கும், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நீ போட்டுக்கறயா?"

"என்ற கைக்கு வருமுங்களா?"

"காப்புக்கு என்ன தெரியும், யாரு கைன்னு?"

அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. விசேஷ வீடுகளுக்குப் போகும்போது யுவராஜ் அதேமாதிரி செய்த வெள்ளிக் காப்பு ஒன்றைப் போட்டுக்கொள்வான். கோகிலவாணி தன்னுடையதை முழங்கைக்கு மேலே ஏற்றி ரவிக்கைக் கைக்குள் மறைத்துக்கொள்வாள். பந்தியில் அவனுக்கு இரண்டாவது தடவை பாயசம் ஊற்றுகிறவர்கள், "வலியோட வந்திருக்கறான் பாரு, மொகத்துல காட்டறானா?" என்பார்கள். அவளைப் பார்த்து, "நீ ஏம்மிணி மொகத்தைத் தூக்கி வெச்சிருக்கறே? வலி அவனுக்கா உனக்கா?" என்பார்கள்.

முந்தாநாள் காலையில் வலி நின்றபோது அவள் மாவு வழித்துக்கொண்டிருந்தாள். இடது இடுப்பில் எப்போதும் இருக்கிற ஒன்று சட்டென்று இல்லை. சுவரில் சாய்ந்து, திரும்பி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வழித்த மாவை அப்படியே விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினாள், இறங்கினாள், எதற்கு ஏறினோம் என்று தெரியவில்லை. உடம்பு காலியாக இருந்தது, ஆளில்லாத வீடு மாதிரி. சந்தோஷப்படலாமே என்று ஒரு எண்ணம் வந்தது. எண்ணமாகவே வந்து, எண்ணமாகவே போய்விட்டது.

உடனே தாரணியைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, லைன் போயிருச்சாட்டம் இருக்குது. அண்ணனுக்குக் காப்புல ஒண்ணுமே வரலையாம்."

"சரிங்க நங்கை." அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் நங்கை என்பார்கள்.

"அப்ப முழுசும் உனக்கில்ல இருக்கும்? எப்படித் தாங்கறே?"

"பரவாயில்லைங்க."

"லைன் இல்லீன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரியில ஊசியைத் தூக்கிட்டு வந்துருவாங்க. ஒத்துக்காதே. ஆளு வந்து சரிபண்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு இரு, கேட்டயா?"

"சரிங்க நங்கை."

இவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தாள்.

கம்பெனி ஆள் வருகிற நாள் யுவராஜ் களத்துக்குப் போகவில்லை. வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம் கேட்டதும் சமையலறைக்கு வந்து கையை நீட்டினான்.

"குடு அதை."

"எதுக்குங்க மாமா?"

"பேரு என்ற பேருல இருக்குது. என்ற கையில இல்லீன்னா வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

அவள் கழற்றிக் கொடுத்தாள். கழற்றிய இடத்தில் தோல் வெயில் காணாமல் வெளுத்துக் கிடந்தது. வளையலை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வந்தவள் பெயர் பர்வீன். முப்பத்தைந்து வயதிருக்கும். ஈரோட்டிலிருந்து வண்டி ஓட்டி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. "பொட்டி எங்கீங்க்கா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

"சாமி ரூம்புல."

பர்வீன் எட்டிப் பார்த்தாள். முருகனுக்கும் குலதெய்வத்துக்கும் நடுவில் ரவுட்டர் உட்கார்ந்திருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம், தலையில் காய்ந்த சாமந்தி.

"ரவுட்டருக்கு யாருங்க பொட்டு வெச்சது?"

"சீருல வந்த பொட்டிம்மா. வெள்ளிக்கிழமையானா வெக்கறதுதான்."

"ஓட்டைக்குள்ளாற பூராக் குங்குமம். மூச்சு விட எடமில்லை அதுக்கு. இதை எங்க மேலாபீஸ்காரங்க பாத்தா வாரண்டியக் கேன்சல் பண்ணிருவாங்க." பர்வீன் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தாள். சின்ன பிரஷ்ஷால் குங்குமத்தைத் தட்டினாள். "இதுதான் கோளாறா இருந்தா நல்லாருக்கும். வேலை சீக்கிரம் முடியும்."

முடியவில்லை. அணைத்துப் போட்டாள். வயரை மாற்றினாள். ஊக்கு வாங்கிப் பின்பக்கத் துளையில் குத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுப்பினாள். விளக்கு சிவப்பாகி, மஞ்சளாகி, பச்சையாகி நின்றது.

"சார், இப்ப வருதுங்களா?"

"இல்லை," என்றான் யுவராஜ். நாற்காலியில் காப்புக் கையை மடியில் வைத்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தான்.

"சாதாரணமா எப்படி வருமுங்க சார்? எங்க ஆரம்பிக்கும்?"

"அது... இடுப்புல."

"எந்தப் பக்கமுங்க?"

"வலது. இல்லீல்ல, எடது."

"அப்பறம்?"

யுவராஜ் மின்விசிறியைப் பார்த்தான். கதவோரம் நின்ற கோகிலவாணி பேசினாள்.

"எடது இடுப்புல எறும்பு ஊர்றாப்பல ஆரம்பிக்கும். அப்பறம் கம்பியைச் சூடு பண்ணி யாரோ முறுக்கறாப்பல தொடையில எறங்கும். முழங்காலுக்கு வராது. வருதோன்னு நெனைப்போம், வராது. அங்கயே நின்னு திரும்ப மேல போகும்."

பர்வீன் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"முன்னெல்லாம் ஏறும், எறங்கும்," என்றாள் கோகிலவாணி. "மழைக்காலத்துல ஒரு மாதிரி, அவ நல்லாத் தூங்குன அன்னைக்கு ஒரு மாதிரி. கொஞ்ச மாசமா ஒரே அளவுதான். அதே எறும்பு, அதே கம்பி. பழகிப்போச்சு." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. "அவரு சொல்லுவாரு. கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்."

பர்வீனின் கண் யுவராஜின் மணிக்கட்டுக்குப் போனது. களத்து வெயிலில் கை முழுக்க ஒரே கறுப்பு. பிறகு கோகிலவாணியின் வளையலுக்குப் போனது.

"சரிங்க சார், ஒரு டெஸ்ட் பண்ணிக்கறேன். கையை ஆட்டாதீங்க." கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தொட்டாள்.

"அய்யோ அம்மா!" யுவராஜ் நாற்காலியோடு எழுந்துவிட்டான். "என்ன பண்றே நீயி? ஆளைக் கொல்றதுக்கு வந்தயா?"

"கொசுக் கடியில பாதிதானுங்க சார். எல்லாரு வீட்லயும் இதேதான் அனுப்பறது." பர்வீன் குனிந்தே சொன்னாள். "அப்ப பொட்டியும் நல்லாருக்குது, காப்பும் நல்லாருக்குது. கோளாறு இந்தப் பக்கம் இல்லை."

தலைமை ஆபீசுக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னாள். அவர்கள் ஏதோ சொல்லச் சொல்ல, "ம்... ம்... எப்ப? மறுபடி பாருங்க" என்றாள். போனை வைத்துவிட்டு டேப்லெட்டை மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பக்கம் வழியை மூடி வெச்சிருக்குது."

"புது சாஃப்ட்வேர் மூடிருச்சா?"

"இல்லீங்க்கா. நோயாளியே மூடறதுக்கு ஒரு பட்டன் இருக்குது, அதை அழுத்தியிருக்காங்க. இப்ப இல்லை. போன கார்த்திகையில."

கோகிலவாணி புரியாமல் பார்த்தாள். இது ஆடி மாதம். "அதெப்படி? மூணு நாளைக்கு முந்தி வரைக்கும் வந்துச்சே!"

"வந்திருக்கும். அதைத்தான் சரிபண்ணியிருக்காங்க." பர்வீன் வார்த்தை தேடினாள். "லைன் திடீர்னு கட்டாகி வலி பொசுக்குன்னு நின்னா, தாங்கறவங்க வண்டி ஓட்டிட்டு இருப்பாங்க, தடுமாறி விழுந்துருவாங்கன்னு பழைய சாஃப்ட்வேர்ல ஒண்ணு வெச்சிருந்தாங்க. கடைசியா வந்த வலியை எடுத்து வெச்சுட்டு, லைன் வர்ற வரைக்கும் அதையே திரும்பத் திரும்ப ஓட்டும். சித்த நேரத்துக்குன்னு வெச்சது. எப்ப நிறுத்தோணும்னு எழுதாம விட்டுட்டாங்க. உங்களை மாதிரி நெறைய வீட்ல ஓடியிருக்குது போல. யாரும் புகார் குடுக்கலை. வலி வருதுன்னு யாரு புகார் குடுப்பாங்க?"

"அப்ப கார்த்திகையிலிருந்து வந்தது..."

"ஒரு வலியேதானுங்க்கா. அதே துண்டு."

"யாரோட வலி அது?"

"யாரோடதும் இல்லீங்க்கா."

மதில்மேல் அணில் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. கோகிலவாணி அதைக் கேட்டாள். வேறு எதுவும் தோன்றவில்லை. எட்டு மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்ததும் நிமிர்ந்ததும், இன்றைக்குப் பாதியை நாம் எடுத்துக்கொண்டோம், பாதி அவளுக்குக் குறைந்தது என்று ஒவ்வொரு பொழுதும் மனசைத் தேற்றிக்கொண்டதும் எங்கேயோ நடந்த விஷயம் மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு இது தெரியாதாக்கும்?" என்றான் யுவராஜ்.

"ஆஸ்பத்திரி வேற, கம்பெனி வேறங்க சார். அவங்க எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. நாங்க மாசா மாசம் வாடகை வாங்கிட்டே இருப்போம்." பர்வீன் போனை எடுத்தாள். "அவங்களையே கேட்டரலாங்க."

ஸ்பீக்கரில் மணி இரண்டு முறை அடிப்பதற்குள் தாரணி எடுத்துவிட்டாள்.

"வணக்கங்க, ரவுட்டர் கம்பெனியிலிருந்து பேசறேன். உங்க பக்கம் வழியை நீங்களே மூடுனதாக் காட்டுதுங்க மேடம்."

"ஆமாங்க. நாந்தான் மூடுனேன்."

"ஏனுங்க?"

"ஊசி போட்டுக்கறனுங்க. அனுப்பறதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

கோகிலவாணி போனை வாங்கிக்கொண்டாள்.

"தாரணி, நாந்தான். எப்பத்திலிருந்து?"

"கார்த்திகையிலிருந்துங்க நங்கை."

"எட்டு மாசமாவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னயா?"

"நீங்க கேக்கலீங்களே. எப்படி இருக்கறேன்னு கேட்டீங்க. நல்லாருக்கறேன்னேன்."

"எதுக்கு ஊசிக்குப் போனே? அதுக்குத்தானே இங்க..." நிறுத்திக்கொண்டாள். "அண்ணன் தாங்கிட்டு இருக்கறப்ப எதுக்குப் போனே?"

"அண்ணன் தாங்கலீங்களே."

யுவராஜ் நிமிர்ந்தான்.

"கார்த்திகை தீபத்தன்னைக்கு எல்லாரும் இங்க சாப்பிட வந்திருந்தீங்க," என்றாள் தாரணி. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "எனக்குச் சுருக்குன்னு பெருசா ஒண்ணு வந்துச்சு. நான் அண்ணனைப் பாத்தேன், பாவம் அதுக்கும் வந்திருக்குமேன்னு. அது இலையில பாயசத்தை வழிச்சுட்டு எதுக்கோ சிரிச்சுட்டு இருந்துச்சு. நீங்க சோத்துக் கரண்டியோட அப்படியே நின்னுட்டீங்க. கண்ணை மூடிட்டீங்க. எனக்கு விட்டப்ப உங்களுக்கும் விட்டுச்சு. அப்பறம் யாருக்கோ சோறு போட்டீங்க."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா அண்ணன் மானம் போயிரும். நீங்களும் விட மாட்டீங்க. அன்னைக்கு ரொம்ப அழுதனுங்க. அழுததுன்னு ஞாபகம் இருக்குது. அடுத்த நாளே போய் ஊசி போட்டுட்டு வழியை மூடிட்டேன். உங்களுக்கு வலி நின்னிரும், எனக்குக் கொணமாயிட்டுதுன்னு நீங்களா நெனைச்சுக்குவீங்கன்னு மூடுனேன்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "நிக்கலீங்களா?" என்றாள். விலை கேட்கிற மாதிரி கேட்டாள்.

கோகிலவாணி பர்வீனைப் பார்த்தாள். பர்வீன் தரையைப் பார்த்தாள்.

"நின்னிருச்சு கண்ணு," என்றாள் கோகிலவாணி. "பாப்பா எப்படி இருக்கறா?"

"நல்லாருக்கறாங்க. ஓட்டப் பந்தயத்துல பரிசு வாங்கிட்டு வந்தா. கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்தேன். குடுக்கோணும்னு தெரிஞ்சுது, அதனால குடுத்தேன். இப்பெல்லாம் அவ அவங்கப்பாகிட்டதான் போய்க் காட்டறா."

"இரு. மறுபடி கூப்பிடறேன்."

"சரிங்க நங்கை."

போன் அணைந்ததும் யுவராஜ்தான் முதலில் பேசினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஒரு வகையில பாத்தா எல்லாருக்கும் நல்லதாத்தானே போயிருக்குது. அவளுக்கும் வலியில்லை. நமக்கும் இல்லை. சாஃப்ட்வேரும் சரியாயிருச்சு. பொட்டியைத் திருப்பிக் குடுத்துட்டா வாடகை மிச்சம்."

கோபம் வர வேண்டிய இடம் இது என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பர்வீன், ஊசியை நிறுத்துனா என்ன ஆகும்?"

"ஒரு வாரம், பத்து நாள்ல மருந்து எறங்கிருமுங்க்கா. எல்லாம் திரும்ப வரும். ஆனா மொதல்ல வலிதான் வரும். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாலதான் மெதுவா வரும். அதனால தாங்கறதுக்கு ஆளு தயாரா இல்லீன்னா ஆஸ்பத்திரியில நிறுத்த மாட்டாங்க. இப்ப புது சாஃப்ட்வேர்ல பேரு இருக்கற ஆளு கைக்கு மட்டும்தான் வலி போகும், நாடித்துடிப்பை வெச்சுக் கண்டுபுடிச்சுரும். இனிமே..." அவள் யுவராஜைப் பார்க்காமல் சொன்னாள், "இனிமே கை மாத்த முடியாதுங்க."

"அப்ப பேரை மாத்து."

"கோகிலா," என்றான் யுவராஜ்.

"என்ற பேரைப் போடு பர்வீன். கோகிலவாணி."

"என்ன பேசறே நீயி? அத்தனை ஒறம்பறை முன்னால சீரு பண்ணிக் கட்டுன காப்பு. பேரு மாறுச்சுன்னா சொசைட்டி ஆபீஸ் வரைக்கும் பேசுவாங்க. என்ற மொகத்தை எங்க கொண்டு போய் வெக்கறது?"

"கூறைப்புடவை முனையைப் புடிச்சது நீங்கதானுங்க மாமா. படமும் மாட்டியிருக்குது. அதை யாரும் உங்ககிட்டருந்து எடுத்துக்கலை. நான் கேக்கறது இந்தப் பொட்டியில இருக்கற பேரை மட்டுந்தான்."

யுவராஜ் அவளைப் பார்த்தான், பர்வீனைப் பார்த்தான். பிறகு காப்பைக் கழற்றி ஸ்டூலின் மேல் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, "களத்துல லோடு நிக்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பர்வீன் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவுங்க்கா? அப்பா அம்மா, புருசன் பொண்டாட்டி, கூடப் பொறந்தவங்க, மகன் மகள்னு இருக்குது. நங்கைன்னு இல்லை. 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்குது."

"அதையே போடு."

"யோசிச்சுக்கோங்க்கா. ரெண்டு மூணு நாளா வலியில்லாம இருந்து பாத்துட்டீங்க. திரும்பப் போடறவங்க ரொம்பக் கம்மி. நான் பாத்த வரைக்கும் சொல்றேன்."

"தூக்கம் நல்லா வருது," என்று ஒப்புக்கொண்டாள் கோகிலவாணி. "மாவாட்டறப்ப இடுப்பு ஒண்ணும் சொல்றதில்லை. நல்லாத்தான் இருக்குது. என்ன பண்றதுன்னுதான் தெரீல."

பர்வீன் அவள் கையைப் பிடித்துக் காப்பைப் பூட்டினாள். மஞ்சளும் இல்லை, தட்டும் இல்லை. காப்பு நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு தடவை அதிர்ந்தது. "சேந்துருச்சுங்க்கா. இனி அந்தப் பக்கம் தொறந்தாப் போதும். புகாரை முடிச்சரட்டுங்களா? 'கோளாறு இல்லை'ன்னு போடோணும்."

"போட்டுக்க."

டீ வைக்கிறேன் என்று சொன்னதற்கு, இன்னும் நாலு வீடு இருக்கிறது என்று பர்வீன் கிளம்பிவிட்டாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "குங்குமத்தை மட்டும் மேலாப்பல வையுங்க்கா, ஓட்டையில வேண்டாம்," என்றாள்.

கோகிலவாணி கூடத்திலேயே தரையில் உட்கார்ந்து தாரணியைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க நங்கை."

"அடுத்த ஊசி எப்ப?"

"நாளைக்குத்தானுங்க."

"போட வேண்டாம். காலையில நான் வந்தர்றேன். சேந்து ஆஸ்பத்திரிக்குப் போய் நிறுத்தச் சொல்லிரலாம்."

"சரிங்க."

"வலி திரும்ப வரும் கண்ணு. மொதல்ல அதுதான் வருமாம். பாதி எனக்கு வரும், என்ற பேருலயே வரும். பாதி உனக்குத்தான்."

"சரிங்க நங்கை."

"உனக்குச் சம்மதந்தானே?"

"சம்மதந்தானுங்க."

அவ்வளவு லேசாக வந்தது அந்தச் சொல். கதவைச் சாத்து என்றாலும் இதே மாதிரிதான் சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கத்திய தாரணியைத்தான் இத்தனை நாளும் கோகிலவாணி மனசில் வைத்திருந்தாள். போனில் இருக்கிறவளுக்கு எந்தக் குறையும் இல்லை. இவளை இழுத்துக்கொண்டு போய் அவளாக்கப் போகிறோம்.

"தாரணி, இப்படியே இருக்கறது உனக்கு நல்லாருக்குதுன்னா அதைச் சொல்லு. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் வரலை."

"வேண்டாங்க நங்கை," என்றாள் தாரணி, உடனே, அதே குரலில்.

கோகிலவாணி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நெசமாவே வேண்டாம்னு சொல்றயா? நான் சொல்லச் சொன்னதுனால சொல்றயா?"

தாரணி யோசிக்கிற மாதிரி இருந்தது.

"வித்தியாசம் தெரீலீங்க நங்கை."

"சரி," என்றாள் கோகிலவாணி. "நான் வர்றேன்."

"வாங்க. வந்து சாப்பிடறாப்பல வாங்க," என்றாள் தாரணி. "இட்லி ஊத்தி வெக்கறனுங்க."